மன்னெலி வீட்டு விஸ்கி

சபினா மன்னெலி போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். மேயோ மாவட்டத்தின் வடகோடியில் ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரால்தான் கடைசிவரை கூப்பிடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கல்லறையிலிருந்து திரும்பி அவள் வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அவள் சுட்ட சோடா ரொட்டியைப் பற்றிப் பேசினார்கள். சந்தையில் மாட்டுத் தரகர்களை அவள் திணறடித்த கதைகளைச் சொன்னார்கள். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது ஒரு விஸ்கி பாட்டிலில் வந்து நின்றது. ஆறு வருடம் அந்த வீட்டு அலமாரியில் திறக்காமல் நின்ற பாட்டில் அது. அது திறக்குமா திறக்காதா என்பதில்தான் அவள் வாழ்க்கை அத்தனை வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. மலைக்குப் பின்னால் களவாகக் காய்ச்சுவது ஒன்று. தண்ணீர்போலத் தெளிந்திருக்கும், தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கும். இருமலுக்கும் அதுதான், மூட்டுவலிக்குத் தேய்க்கவும் அதுதான், கன்று ஈன முடியாமல் திணறும் பசுவுக்கும் அதுதான். சும்மா குடிக்க நினைப்பவனுக்கும் அதுவே போதும். இன்னொன்று வரி கட்டி, முத்திரை ஒட்டி, கடையில் விற்பது. அதை ‘சர்க்கார் சரக்கு’ என்பார்கள். டப்ளினில் பெரிய செம்புப் பாண்டங்களில் மூன்று தரம் வடித்து, மரப்பீப்பாய்களில் ஏழெட்டு வருடம் தூங்கவைத்து அனுப்புவது. அதைக் குடிப்பதற்காக வாங்கியவர்கள் குறைவு. ஏதாவது சொல்லியாக வேண்டும், சொல்ல வாய் வரவில்லை என்றால்தான் அதை வாங்குவார்கள்.

அந்த ஊர்க்காரர்களையா வாய் வராதவர்கள் என்பது என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். காணாமல் போன ஒரு கோழியைப் பற்றி அரை நாள் பேசக்கூடிய ஜனங்கள்தான். ஆனால் ‘உன் தாய் போனதில் என் மனசு ஆறவில்லை’ என்றோ, ‘நாம் போட்ட சண்டை போதும்’ என்றோ, ‘உன்னைக் கட்டிக்கொள்ள ஆசை’ என்றோ ஒரு வார்த்தை நேராகச் சொல்லச் சொன்னால் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நிற்பார்கள். விஸ்கி அவர்களுக்காகப் பேசியது. சாவு வீட்டில் ஒரு கிளாஸை வாங்கி வாயில் வைத்தால் பகை தீர்ந்தது. நிலம் விற்றவனும் வாங்கியவனும் ஒரே கிளாஸில் குடித்தால் கிரயம் முடிந்தது. பழைய மொழியில் அதற்கு உயிர்த் தண்ணீர் என்று பெயர். பெரியவர்கள் அந்தப் பெயரை உப்பு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்கள்.

பெண் கேட்பதும் அப்படித்தான். ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று அரசர் திருநாள் முடிந்து தவக்காலம் தொடங்குவதற்குள் இருக்கும் சில வாரங்கள்தான் கல்யாணக் காலம். மாப்பிள்ளை, தனக்காகப் பேச ஒருவனை அழைத்துக்கொண்டு, கோட்டுக்குள் பாட்டிலை வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். பாட்டில் மேஜைமேல் வைக்கப்படும். வீட்டுக்காரர் அதன் கார்க்கைப் பிடுங்கி, முதல் வாய் தான் குடித்துவிட்டு, அதே கிளாஸை மாப்பிள்ளையிடம் நீட்டினால் சம்மதம். அதற்கப்புறம் எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்பதுதான் பாக்கி. திறக்காமல் மாப்பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். யாருக்கும் அவமானம் கிடையாது; அந்த பாட்டிலை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை, சபினாவின் அப்பா டொமினிக் மன்னெலி அதைச் செய்து காட்டும்வரை.

கோல்மன் ரூவேன் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கத்துக் கோயில் பங்கைச் சேர்ந்தவன். கோடை பாதியில் இங்கிலாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போய், குளிருக்கு ஊர் திரும்புகிறவன். சதுப்பில், அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கும் மண்கட்டியை வெட்டும் இடம்தான் இரண்டு பங்குகளுக்கும் எல்லை. கோடையின் முதல் பாதியில் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வெட்டிய ஈரக்கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திக் காயவைக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. சபினாவின் வரிசைக்கு அடுத்த வரிசை கோல்மனுடையது.

“காத்து நல்லா வீசுது” என்பான் அவன். ஒரு நாளைக்கு அவன் பேசுவது அவ்வளவுதான்.

“வீசுதே. உன் வரிசைல மட்டும் வந்து நின்னு வேடிக்கை பாக்குது போல. ஒரு கட்டிகூட காயல” என்பாள் சபினா.

மறுநாள் அவள் வந்து பார்த்தால் அவளுடைய வரிசை முழுக்க நிறுத்தி அடுக்கியிருக்கும். யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்படி இரண்டு கோடை. அவர்களுக்குள் இருந்த காதல் அதுதான். அது போதுமானதாகவே இருந்தது.

போர் நடந்துகொண்டிருந்த காலம். தேயிலைக்கே பங்கீடு. அந்த ஜனவரியில் ஒரு மாலை கோல்மனும் அவனுடைய சித்தி மகன் ஆண்டனி பாரெட்டும் மன்னெலி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஆண்டனி பேச்சுக்காரன். செத்த குதிரையைப் பாதிரியாருக்கே விற்றுவிடுவான் என்று பெயர். கோல்மனின் கோட்டு புடைத்திருப்பதைப் பார்த்ததுமே சபினா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். முறை அது. இடையில் பலகைச் சுவர்தான்; எல்லாம் கேட்கும்.

“கடவுள் இந்த வீட்டைக் காப்பாத்தட்டும்” என்றான் ஆண்டனி.

“உங்களையும் காப்பாத்தட்டும். உட்காருங்க.”

மழையைப் பேசினார்கள். மாட்டு விலையைப் பேசினார்கள். ஹிட்லரையும் கொஞ்சம் பேசினார்கள். பிறகு பாட்டில் மேஜைமேல் உட்காரும் சத்தம்.

“பலினா டவுன் கடைல கவுண்டருக்கு அடியில கிடந்த கடைசி பாட்டில் இது, டொமினிக். கடைக்காரன் பெத்த மகளை அனுப்பி வைக்கிற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டே குடுத்தான். நம்ம கோல்மன் இருக்கானே, ஒரு பாட்டில் வாங்கினா அத யாருக்கு வாங்கணும்னு தெரிஞ்ச பையன்.”

“நல்ல நிறம்” என்றார் டொமினிக். விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார் என்று சபினாவுக்குத் தெரிந்தது.

“ஏழு வருஷம் பீப்பாய்ல இருந்தது.”

“ம்.”

நாற்காலி நகர்ந்தது. கிளாஸ் எடுக்கத்தான் எழுந்திருக்கிறார் என்று சபினா நினைத்தாள். பிறகு தட்டுகள் அடுக்கிய அலமாரியில் கண்ணாடி உரசும் மெல்லிய ஓசை. பாட்டிலை அங்கே வைத்துவிட்டார்.

“இங்கயே இருக்கட்டும். என்ன அவசரம்?” என்றார் டொமினிக். “சபினா, இவங்களுக்கு டீ போடும்மா.”

பிறந்ததிலிருந்து அன்றுதான் ஆண்டனி பாரெட்டுக்குப் பேச்சு நின்றது. சபினா வெளியே வந்து டீ போட்டாள். பங்கீட்டுத் தேயிலையில் ஒரு வாரத்துக்கானதை அந்தக் கெண்டியில் கொட்டினாள். அதைவிடச் சத்தமாக அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. கோல்மன் டீயைக் குடித்தான். அவளைப் பார்க்கவில்லை. “நல்லா இருந்துச்சு” என்று கோப்பையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கதவு சாத்தியதும் சபினா திரும்பினாள். “ஏம்ப்பா திறக்கல?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்ல.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் தியானப் பிரசங்கம் செய்யும் துறவிகள் ஊருக்கு வந்திருந்தார்கள். கடைசி நாள் கோயிலில் எல்லாரும் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்து நிற்க, டொமினிக் மன்னெலி இனி உயிருள்ளவரை மதுவைத் தொடுவதில்லை என்று சொன்னார். மறுநாள் காலையிலேயே வீட்டிலிருந்த களவுச் சரக்கை வாய்க்காலில் ஊற்றினார். அண்டை வீட்டு ஹியூயி, அதற்கப்புறம் இரண்டு நாள் வாத்துகள் கோணலாக நடந்தன என்று சொல்லித் திரிந்தான். ஆனால் இதெல்லாம் இந்தப் பங்கில் நடந்தது. சதுப்புக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது.

“அத அவங்ககிட்ட சொல்றதுதானே?”

“நேத்து வந்த ஞானத்த இன்னைக்குக் கடைவிரிக்கவா? டொமினிக் மன்னெலி குடிய விட்டான்னு சொன்னா அந்த பாரெட் அடுத்த சந்தைவரைக்கும் சிரிப்பான்.”

“அப்போ உங்க பதில் என்ன?”

“பாட்டில் வீட்லதானே இருக்கு? திருப்பிக் குடுத்தேனா?”

“திறக்கவும் இல்லையே.”

“தெரிஞ்சுக்குவாங்க” என்றார் அவர், அடுப்பைக் கிளறிக்கொண்டே.

தெரிந்துகொள்ளவில்லை. திறக்காத பாட்டில் மறுப்பு. மறுத்த பாட்டிலைத் திருப்பித் தரவும் இல்லையென்றால் அது மறுப்பைவிடக் கேவலம். கோல்மன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஒருமுறை கேட்ட வீட்டில் இரண்டாம் முறை கேட்பது பிச்சை. அதனால் அவன் வரவில்லை. நிலம் பேச மாப்பிள்ளைதான் வர வேண்டும் என்று டொமினிக் காத்திருந்தார். பெண்ணே ஆள் அனுப்பிக் கேட்பதா, அதைவிடச் சந்தையில் பாவாடை இல்லாமல் ஓடலாம். அதனால் சபினாவும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். வினையே அதுதான். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. அந்த வருடத்துக் கல்யாணக் காலம் முடிந்தது. பிறகு இன்னொரு வருடம். பிறகு இன்னொன்று.

பாட்டில் நின்ற இடத்திலேயே நின்றது. டொமினிக்கால் அதைக் குடிக்க முடியாது. விற்கவோ கொடுக்கவோ முடியாது, அது இன்னும் அவருடையது ஆகவில்லை. சனிக்கிழமைதோறும் சபினா தட்டுகளைக் கழுவித் துடைக்கும்போது அதையும் துடைப்பாள். சாயங்கால வெயில் சிறு ஜன்னல் வழியாக அலமாரிவரை வரும் நாட்களில் அது எரியும் தேன்போல நிற்கும். அடுத்த வீட்டு டீலியா, ஹியூயியின் மனைவி, அடுப்புக்கு நெருப்பு வாங்க வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள்.

“இன்னும் குடியிருக்காரா உன் வாடகைக்காரர்?” என்பாள்.

“இருக்காரு. தொந்தரவு இல்லாத மனுஷன்.”

“வயசு ஏறினா நல்லா இருக்கும்னு சொல்வாங்களே, ஏறட்டும் விடு.”

“அது பீப்பாய்லதான் அக்கா ஏறும். கண்ணாடிக்குள்ள வந்துட்டா அதுக்கு வயசே ஏறாது. எத்தனை வருஷம் நின்னாலும் ஏழுதான்.”

“உன்னையும் ஒரு பாட்டிலுக்குள்ள வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்டி” என்றாள் டீலியா ஒருமுறை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சபினா சிரித்தாள். ஆனால் அன்று டீலியா போனதும் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கோல்மனை அவள் பார்க்காமல் இல்லை. அவன் வேறு பெண் கேட்டதாகவும் தகவல் இல்லை. சதுப்பில் அவனுடைய வரிசையில் இப்போது அவன் தம்பிதான் வேலை செய்தான். ஒரு நவம்பர் சந்தையில் மட்டும் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். நடுவில் ஒரு கிடேரியின் முதுகு.

“நல்லா இருக்கியா சபினா?”

“இருக்கேன். இங்கிலாந்து எப்படி?”

“உருளைக்கிழங்கு நிறைய.”

அவள் பல மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னாள். “அப்பா இப்போல்லாம் குடிக்கறதில்ல.”

“கேள்விப்பட்டேன்” என்றான் கோல்மன். அவன் முகம் கதவு சாத்திக்கொள்வதுபோலச் சாத்திக்கொண்டது. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். தான் சொன்னதில் என்ன தவறு என்று அவளுக்குப் புரியவே இல்லை. சொல்ல வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போய்விட்டது.

போர் முடிந்தது. பெரும் பனி விழுந்த வருடம் வந்தது. பிப்ரவரியின் கடைசியில் ஒரு காலை கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். வேலிகள், பாதைகள், கிணறு எல்லாம் மறைந்துபோயிருந்தன. டொமினிக் நெஞ்சுச் சளியோடு அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அந்த நாளைப் பார்த்துத்தான் வெள்ளைமுதுகுப் பசு கன்று போடத் தொடங்கியது. அந்த வீட்டுக்குச் சோறும் துணியும் கொடுத்தது அந்தப் பசுதான்.

சபினாவின் கூப்பாடு கேட்டு ஹியூயி பனியில் புதைந்த கற்சுவர்களின் தலைமேலேயே நடந்து மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான். எதையும் அவனை நம்பி விட முடியாது என்று டீலியாவும் பின்னாலேயே வந்தாள். கன்று வந்துவிட்டது. ஆனால் பசு எழுந்திருக்கவில்லை. கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது.

“காது பனிக்கட்டியா இருக்கு” என்றான் ஹியூயி. “உள்ள சூடா ஒரு முழுங்கு போகணும். இல்லன்னா சாயங்காலம் தாங்காது. சரக்கு எங்க?”

“எங்க வீட்ல ஏது? வாத்து குடிச்சதோட சரி.”

“எங்க வீட்லயும் கிறிஸ்துமஸோட தீர்ந்துபோச்சு.”

“தானா தீர்ந்துச்சா? நீ தீர்த்த” என்றாள் டீலியா.

தொழுவத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அது திறந்திருந்தது, அலமாரி தெரிந்தது. சபினா எழுந்து கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

டீலியா அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். “ஏய், அதுவா? அதத் திறந்தா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பசுவுக்குன்னு திறந்தாலும் திறந்தது திறந்ததுதான்டி. அப்புறம் மூட முடியாது.”

“தெரியும்னு சொன்னேன்ல அக்கா.”

அந்த வீட்டில் கார்க் திருகி கிடையாது. ஒரு திருகாணியை கார்க்கில் திருகி இறக்கி, குறடால் பிடித்து இழுத்தாள். கார்க் மெல்ல முனகிக்கொண்டு வந்தது. வாசனை எழுந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றிலும் மண்கட்டிப் புகை ஏறியிருந்தது. ரொட்டியில், போர்வையில், அவள் தலைமுடியில். புகையே இல்லாத ஒன்று அந்த வீட்டில் இருந்ததென்றால் அது இதுதான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. மழை நின்ற பிறகு பார்லி வயலின் ஓரமாக நடந்தால் வரும் வாசனை. அதற்குள் கொஞ்சம் தேன், கொஞ்சம் பச்சை ஆப்பிள்.

வெந்நீரில் ஓட்ஸ் மாவும் சர்க்கரையும் கரைத்து, பாட்டிலில் பாதியைச் சாய்த்தாள். ஹியூயி பசுவின் தலையைத் தூக்கிப் பிடிக்க, ஒரு காலி பாட்டிலின் கழுத்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கன்றுக்குப் பாலில் ஒரு கரண்டி.

“எனக்கும் கை விறைச்சுப்போச்சு” என்றான் ஹியூயி, கிளாஸைத் தேடுபவன்போல.

“நீ கன்னு போட்டியா?” என்றாள் டீலியா.

கரண்டியில் ஒட்டியிருந்ததைச் சபினா நக்கிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறை. அறுக்கவில்லை. எண்ணெய்போல வழவழவென்று நாக்கில் படர்ந்தது. காரம் பின்னால்தான் வந்தது. வந்தபோதும் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதுபோல வந்தது. நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு மென்மையான ஒன்றைக் கண்டா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்தாள்.

“என்ன வாசனை அது?” என்று கட்டிலிலிருந்து டொமினிக் கேட்டார்.

அவர் தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார்.

“யாரு திறந்தது?”

“நான்தான்ப்பா.”

அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “சத்தியம் பண்ணினது நெஜம் சபினா. மாதா சாட்சியா நெஜம். ஆனா அது எனக்கு வசதியா இருந்துச்சு. அதுவும் நெஜம். நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாரு இருந்தா?”

சபினா கரண்டியைக் கழுவினாள். இத்தனை வருடம் அவள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது அதுதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். பாதி வந்தது.

“அத ஆறு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா கோல்மன் இங்கயே வந்து இருந்திருப்பாரு. அவங்க வீட்ல தம்பி இருக்கான்ல” என்றாள்.

“எனக்குத் தோணல” என்றார் டொமினிக், மிகச் சின்னக் குரலில்.

சாயங்காலத்துக்குள் பசு எழுந்து நின்றது.

பனி உருகத் தொடங்கியதும் முதலில் நகர்ந்தது சேதிதான். டீலியா கிணற்றடியில் சொன்னாள். ஹியூயி கடையில் சொன்னான். சதுப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அது முழு வேடிக்கையாகியிருந்தது. மன்னெலி வீட்டில் பாட்டிலைத் திறந்தாயிற்று, பசு சம்மதம் சொல்லிவிட்டது என்று ஆண்டனி பாரெட் கோயில் வாசலில் நின்று அறிவித்தான். ஒரு வாரம் போனது. சபினா தினமும் ஒரு தடவை வாசலுக்கு வந்து பாதையைப் பார்த்தாள். தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வராவிட்டால், தான் திறந்ததை ஊர் முழுக்க அறிந்தபின்னும் வராவிட்டால், அதுதான் பதில். அதற்கப்புறம் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

புனித பேட்ரிக் திருநாளன்று பூசை முடிந்து, அன்றைய வழக்கப்படி கோட்டில் கிளாவர் இலைக் கொத்தைக் குத்திக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு கோல்மன் ரூவேன் வந்தான். தனியாக. கோட்டு புடைத்திருக்கவில்லை. சபினா தொழுவத்துச் சுவர் ஓரமாகக் கன்றுக்கு வாளியில் பால் காட்டிக்கொண்டிருந்தாள்.

“காத்து இன்னைக்குப் பரவாயில்ல” என்றான் அவன்.

“பரவாயில்ல.”

“பாட்டில் திறந்தாச்சுன்னு கேள்விப்பட்டேன்.”

“பசுவுக்கு.”

“அதையும் சொன்னாங்க. மாப்பிள்ளை வீட்டு சார்பா பசுவ விசாரிச்சுட்டு வான்னு ஆண்டனி சொன்னான்.” அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. “யாரு திறந்தது?”

“நான்.”

“பசுவுக்காகவா?”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “பசு எழுந்திருக்கணும்னு திறந்தேன். திறக்கும்போது பசுவ நெனைக்கல.”

கோல்மன் பூட்ஸிலிருந்த சேற்றைச் சுவரில் தேய்த்தான். “உங்க அப்பா குடிய விட்டாருன்னு அடுத்த வசந்தத்துலதான் கேள்விப்பட்டேன்” என்றான். “என் பாட்டில குடிக்கக் கூடாதுங்கறதுக்காகவே விட்டாருன்னு நெனச்சேன். சந்தைல நீயும் வந்து அதையே சொன்ன.”

சபினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அட மடையா! அவரு அதுக்கு முந்தின டிசம்பர்லயே விட்டுட்டாரு. நீ வந்தப்போ கிளாஸத் தொட முடியாம உட்கார்ந்திருந்தாரு.”

“யாராவது சொல்லியிருக்கலாம்.”

“யாராவது கேட்டிருக்கலாம்.”

கன்று வாளியை முட்டிக் கவிழ்த்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கோல்மன் தொப்பியைக் கழற்றினான். அதைத் திருகவில்லை, சுவர்மேல் வைத்தான். வெறுங்கையோடு நின்றான்.

“நான் ஒண்ணும் கொண்டுவரல சபினா. பாட்டில் பேசினது போதும்னு தோணுச்சு. என்னைக் கட்டிக்கறியா?”

“மாட்டேன்” என்றாள் சபினா.

அவன் கை சுவர்மேலிருந்த தொப்பிக்கு நீண்டது.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“ஆறு வருஷமா யாரும் சொல்லாத ஒரு மாட்டேனைக் கேட்டுக்கிட்டு இருந்தியே, அது என் வாய்லேர்ந்து வந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுக்கோ. இனிமே இப்படி வாயால வராத எதையும் மாட்டேன்னு நெனைச்சுக்காதே.” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “இப்போ மறுபடி கேளு.”

அவன் மறுபடி கேட்டான். இந்த முறை இன்னும் சில வார்த்தைகள் சேர்த்துக் கேட்டான். மண்கட்டி வரிசையைப் பற்றியும் ஏதோ சொன்னான். அவனுக்கே தெரியாமல் அத்தனை வார்த்தைகள் அவனிடம் இருந்திருக்கின்றன.

சபினா இந்த முறை வேறு பதில் சொன்னாள். அந்தச் சத்தம் மேட்டைத் தாண்டித் தன் சமையலறைவரை கேட்டது என்று டீலியா சாகும்வரை சாதித்தாள். சபினா ஒருநாளும் அதை மறுக்கவில்லை.